பாதி வராது

சென்னை டோல்கேட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். வயது 58. வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இருவரும் பிரிவதென்று முடிவாகிவிட்டது. "முப்பத்தி நாலு வருசம் குடித்தனம் பண்ணிக்கீறேன்மா. பாதி எனுக்கு வராமலா பூடும்?" என்றார்.

வராது என்று நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பையில் இருந்தவை: ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ஓர் அடகுச் சீட்டு. மனை வாங்க முன்பணம் அவருடைய நகையை வைத்து வந்தது. மேல்மாடி, அவர் இட்லி விற்றுக் கட்டிய சீட்டுப் பணத்தில் எழும்பியது. பத்திரத்தில் இருப்பது ஒரே பெயர். அது அவர் பெயரில்லை. பத்திரத்தின் நகல்கூட அவரிடம் இல்லை.

விவாகரத்து என்றால் சொத்தில் பாதி மனைவிக்கு என்ற நம்பிக்கை டீக்கடை வரை பரவிக் கிடக்கிறது. பெண்கள் அதை நம்பிச் சும்மா இருக்கிறார்கள். ஆண்கள் அதற்குப் பயந்து, இருக்கும் வீட்டை அவசர அவசரமாக மகன் பெயருக்கு எழுதிவிட்டு, பிறகு மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஏமாற்றியது ஒரே பொய். கணவன் பெயரில் உள்ள வீட்டில் மனைவிக்கும் பங்கு தரும் மசோதா ஒன்று 2013-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. கோவாவில் போர்ச்சுகீசியர் காலச் சட்டப்படி தம்பதியர் சொத்து பொதுச்சொத்து. டோல்கேட் கோவாவில் இல்லை. இங்கே யார் பெயரில் பத்திரமோ, அவர் சொத்து.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, இல்லத்தரசியின் உழைப்பும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்று சொல்லி, ஒரு பெண்ணுக்குச் சரிபாதி உரிமை கொடுத்தார். கொண்டாட வேண்டிய தீர்ப்பு. ஆனால் அப்படியொரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடலாம்; வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது.

முதுமையில் விவாகரத்தானவர்களில் இந்தியா அதிகம் பேசிய பெயர் ஷா பானு. 1932-ல் கல்யாணம், ஐந்து பிள்ளைகள். 1975-ல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1978-ல் தலாக், அப்போது வயது 62. வழக்கறிஞரான கணவர் ஆண்டுக்குச் சுமார் 60,000 ரூபாய் சம்பாதிக்கிறார் என்பது ஷா பானு தரப்பு வாதம். மாஜிஸ்திரேட் போட்ட ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. 1985-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நாடே மதத்தை வைத்துச் சண்டை போட்டது. கணக்கை யார் பார்த்தார்கள்? அந்த வருமானத்தில் நூற்றுக்கு நாலு ரூபாய்கூட இல்லை அது. பாதியாம் பாதி!

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே நீங்கள் வாரிசு இல்லை. குடும்ப ஓய்வூதியம் மனைவிக்குத்தான்; முன்னாள் மனைவிக்கு இல்லை. ஓய்வூதியம் வாங்குகிறவரை விட்டுப் பிரிகிறவருக்கு இதுதான் பெரிய இழப்பு. பரஸ்பர சம்மதம் என்று அவசரமாகக் கையெழுத்துப் போடும்போது இது யார் நினைவிலும் இருப்பதில்லை. கோர்ட் மூலம் சட்டப்படி பிரிந்து வாழ்கிறவர் சட்டத்தின் கண்ணில் மனைவியாகவே நீடிக்கிறார். அந்த வழியும் இருக்கிறது என்று வக்கீல் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வீட்டில் ஒரு பங்கை எழுதி வாங்குவதானால் மனைவியாக இருக்கும்போதே வாங்குங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத்தாள் செலவு 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை, சலுகையும் இல்லை. மாதாமாதம் ஜீவனாம்சம் என்று முடிவானால் அதைக் கணவருடைய வீட்டின் மீது பொறுப்பாக ஏற்றச் சொல்லுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் எழுதுவது சரியா என்று சொல்ல உங்களுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. இன்றைக்கே வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பாஸ்புக்கைப் படம் எடுத்து வையுங்கள். சீட்டு நோட்டையும் கிழிந்த அடகுச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் உழைப்புக்கு எழுத்தில் உள்ள சாட்சி அவை இரண்டும்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் ஆறாவது நிறுத்தம்.