“இரண்டோடு நில்” என்ற ஊரில் இன்று



ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கெரியும் வீடுகள் பல. பெரட்டுக்குப் போவதற்காக அல்ல. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக. அப்படி ஒரு பிள்ளையின் தாயார் சென்ற மாதம் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், அங்க புள்ள பெத்தா கவர்மெண்டு பதினோராயிரம் வெள்ளி குடுக்குதாமே, நெசமா? இங்க எம் மருமக ஒண்ணே போதும்னு நிக்கிறா!”

நிஜந்தான் அக்கா என்றேன். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த குழந்தைகளில் முதல் இரண்டுக்கும் தலைக்கு 11,000 வெள்ளி, மூன்றாவது முதல் 13,000 வெள்ளி. ஆனால் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதாக இருக்க வேண்டும். நம் நாட்டுக் கடப்பிதழை வைத்துக்கொண்டு அங்கே உழைப்பவர் வீட்டுக் குழந்தைக்கு அது கிடையாது. அக்காவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பணம் கொடுத்துப் பிள்ளை கேட்கும் இதே சிங்கப்பூர்தான் ஒரு காலத்தில் “போதும், நிறுத்துங்கள்” என்று மன்றாடியது. அந்தக் கதை நம் வீடுகளுக்கும் வேண்டிய கதை.

1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது, அங்கே ஒரு தாய்க்குச் சராசரியாக நான்கு ஐந்து பிள்ளைகள். கணக்கில் 4.66. வேலை குறைவு, வீடு குறைவு, பள்ளிக்கூடத்தில் இடம் குறைவு. 1966இல் குடும்பத் திட்டத்துக்கென ஒரு வாரியம் அமைத்தார்கள். 1972இல் “இரண்டோடு நில்” என்ற இயக்கம் வந்தது. இரண்டு பெண் குழந்தைகளின் படத்தைப் போட்டு, ஆணோ பெண்ணோ இரண்டே போதும் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஆண் வாரிசுக்காக அடுத்தடுத்துப் பெறுவது அங்கேயும் இருந்ததால்தான் அப்படி ஒரு படம். படத்தோடு விடவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏற அரசு மருத்துவமனையில் பிரசவக் கட்டணம் ஏறியது. இரண்டுக்கு மேல் பெற்றால் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு இல்லை. பள்ளிப் பதிவில் நாலாவது பிள்ளை வரிசையில் பின்னுக்குப் போனது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தாய் தந்தை இருவர் போனால் அவர்கள் இடத்தை நிரப்ப இருவர் வேண்டும். வளராமல் இறந்துவிடும் பிள்ளைகளையும் எண்ணினால் 2.1. அந்த அளவுக்கு இறங்கினால் போதும் என்றுதான் எண்ணினார்கள். 1975இலேயே அந்த அளவை எட்டிவிட்டார்கள். ஆனால் இறக்கம் அங்கே நிற்கவில்லை. 1986இல் 1.43 ஆனது.

அபராதத்துக்குப் பயந்து மட்டும் இப்படி ஆகவில்லை. பெண்கள் படித்தார்கள், தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள், தாமதமாக மணந்தார்கள். ஒரு பிள்ளையை ஆளாக்கும் செலவும் ஏறிக்கொண்டே போனது. அரசாங்கம் தள்ளாவிட்டாலும் வண்டி அந்தப் பக்கம்தான் உருண்டிருக்கும் என்பது என் கருத்து.

1987இல் அரசாங்கம் திரும்பி நின்றது. வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்றார்கள். மறு ஆண்டு சீனர்களுக்கு ராசியான கடல்நாக ஆண்டு, அளவு 1.96க்கு ஏறியது. சரி, பலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு மறுபடி சரிவு. 2001இல் குழந்தைக்கு ரொக்கப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். பிரசவ விடுப்பு 16 வாரம் ஆயிற்று. தகப்பனுக்கும் இப்போது 4 வாரம் உண்டு. இத்தனைக்குப் பிறகும் 2023இல் 0.97. ஒரு தாய்க்கு ஒரு பிள்ளைகூட முழுதாக இல்லை. 2024 மீண்டும் கடல்நாக ஆண்டு. அப்போதும் அதே 0.97. ராசியும் கைகொடுக்கவில்லை.

(நம் நாட்டில் 1984இல் இதற்கு நேர்மாறாக, மக்கள்தொகையை 7 கோடியாக உயர்த்த வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். இங்கேயும் பிறப்பு குறைந்துகொண்டுதான் வந்தது.)

அப்படியானால் சிங்கப்பூரில் ஆள் குறைந்துவிட்டதா? இல்லை. 1970இல் சுமார் 20 இலட்சம் பேர் இருந்த தீவில் 2024இல் 60 இலட்சத்து 40 ஆயிரம் பேர். இவர்களில் குடிமக்கள் 36 இலட்சத்து 40 ஆயிரம். 18 இலட்சத்து 60 ஆயிரம் பேர் வேலைக்கும் படிப்புக்கும் வந்த வெளியார். பிறக்காத பிள்ளைகளின் இடத்தை அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நிரப்புகிறார்கள் என்று சொன்னால், அதிகாலை நான்கு மணிக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் தாய்மாருக்கு நன்றாகவே புரியும்.

என் மனத்தை அதிகம் தொடுவது பிள்ளைக் கணக்கு அல்ல, வீட்டுக் கணக்கு. கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்றால், ஒரே வீட்டில் இருந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள். நம் பேச்சில் ஒரே உலை. தனியாக உலை வைப்பவரும் ஒரு குடும்பம்தான். இருபத்து நான்கு பேர் நான்கு உலையில் உண்டால் சராசரி ஆறு. அதே இருபத்து நான்கு பேர் எட்டு உலை வைத்தால் மூன்று. ஒருவர்கூடக் குறையவில்லை, வீடு மட்டும் சிறுத்துப்போனது.

சிங்கப்பூரில் இரண்டும் சேர்ந்து நடந்தன. 1980இல் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 4.9 பேர், 2020இல் 3.2. தனி ஆளாக வாழும் குடும்பங்கள் 2010இல் நூற்றுக்கு 12. பத்தே ஆண்டில் 16. இவர்களில் மணமாகாதவர்களும் உண்டு, துணையை இழந்த முதியவர்களும் உண்டு. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்கு மாடி மாடியாக வீடு கட்டித் தந்தது நல்ல காரியம். ஆனால் அந்த வீடுகள் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்ற அளவுக்கு ஏற்றவை. கலியாணமானவர்கள் புது நகருக்குப் போனார்கள். பெற்றோர் பழைய மாடியில் தங்கினார்கள். இப்போது, மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளியும், 4 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தால் 20,000 வெள்ளியும் மானியம் உண்டு. லயத்தில் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினாலே நமக்குக் கேட்டதே, அதற்கு அங்கே விலை 30,000 வெள்ளி!

லயத்து வாழ்வே சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு அறையில் எட்டுப் பேர் படுத்த வீட்டில் படிக்க மூலை கிடைக்காமல் ஆறாம் வகுப்போடு நின்ற பெண்களை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் படிக்க வைப்பது அறிவுடைய செயல்தான்.

ஆனாலும் ஆசிரியை என்ற முறையில் ஒன்று கவனித்தேன். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் நூற்றுக்கு 37 பேர், 2020இல் 28. சின்னக் குடும்பம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சாதிக்கமாட்டேன். இருந்தாலும் பாட்டி வேறு மாடியில் இருந்தால் பேரனுக்குத் தமிழில் யார் கதை சொல்வது?

நம் பக்கம் மட்டும் எப்படி? மலேசியாவில் 2020 கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்துக்கு 3.8 பேர். நம் இந்தியர்களிடையே பிறப்பு 2.1க்கு வெகுவாகக் கீழே இறங்கிவிட்டது. 150 பிள்ளைகளுக்குள் இருந்தால் “குறைந்த மாணவர் பள்ளி” என்கிறார்கள். தமிழ்ப் பள்ளிகளில் பல அந்தக் கணக்கில்தான் வருகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், பிழைப்புத் தேடிப் பட்டணம் போனதும் பெரிய காரணங்கள். பிறப்புக் குறைவும் சேர்ந்துகொண்டது.

அந்த அக்காவின் மருமகளுக்கு எத்தனை பிள்ளை என்பதை அவளும் அவள் கணவனும் முடிவு செய்யட்டும். அதில் மாமியாரும் தலையிட வேண்டாம், நானும் தலையிடவில்லை. அக்காவிடம் நான் கேட்டது வேறு. மகன் சிங்கப்பூரில், மகள் கிள்ளானில். ஐயா பின்கட்டில் விழுந்தால் முதலில் ஓடி வருவது யார்? அடுத்த வீட்டாரிடம் மாற்றுச் சாவி இருக்கிறதா? மகனின் தொலைபேசி எண் பெரிய எழுத்தில் சுவரில் இருக்கிறதா? சாப்பிடும் மருந்தின் பெயர் யாருக்காவது தெரியுமா? சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதிக் கொடுத்தாயிற்றா?

கடைசிக் கேள்விக்கு அக்கா விழித்தார். அவரைப் போல விழிப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், அந்தப் பாரம் நிரப்பும் முறையை அடுத்த இதழில் எழுதுகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே எழுதி அனுப்புங்கள்.