வயலைக் கேட்டு வண்டியை எடு!

நாலு ஆபீஸ் இளைஞர்கள் ஒன்று சேர்ந்தால் இரண்டு காரியம் நிச்சயம். ஒன்று, மானேஜரைத் திட்டுவது. இன்னொன்று, டூர் பிளான் போடுவது. முதல் காரியம் தினமும் கனஜோராக நிறைவேறுகிறது. இரண்டாவது நிறைவேறுவதே இல்லை. லீவு, பணம் எல்லாம் சும்மா சாக்கு. 'சரி, எங்கே சாப்பிடறது?' என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்த இடத்தில் கூட்டம் கலைந்துவிடும்!

ஆகவே எங்கள் ஆபீஸில் இந்த முறை அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பித்தோம். அருவி வேண்டாம், அணைக்கட்டு போட்டிங் வேண்டாம். சாப்பிடுவதற்காகவே மூன்று நாள். சென்னையில் கிளம்பி காவிரி டெல்டாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது. பிளான் போடும் வேலை என் தலையில் கட்டப்பட்டது.

அக்கவுன்ட்ஸ் நண்பர் செல்போனைத் தடவி, அரை மணி நேரத்தில் ஒரு லிஸ்ட் எடுத்துவிட்டார். மூன்று நாளைக்கு இருபத்திரண்டு ஓட்டல்.

"ஸார், இது டூரா, ஹெல்த் இன்ஸ்பெக்டர் ரெய்டா?" என்றேன்.

"எல்லாமே ஃபேமஸ் கடை ஸார். எதை விடறதுன்னு தெரியலே..."

விட வேண்டியது ஓட்டலை அல்ல, லிஸ்ட்டை! ஓட்டல் வருஷம் பூரா திறந்திருக்கும். அதே மெனு, அதே சாம்பார், அதே கல்லாக்காரர். ஆனால் டெல்டாவில் நிஜமான சமையல்கட்டு வயல்தான். அதன் மெனு மாதத்துக்கு மாதம் மாறும். என் பிளானின் முதல் விதி இதுதான்: ஓட்டலைக் கேட்காதே, வயலைக் கேள்!

★

டெல்டாவின் காலண்டர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறப்பதில்லை. ஜூன் 12-ல் பிறக்கிறது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறந்துவிடும் சம்பிரதாயத் தேதி அது.

சம்பிரதாயம் என்றுதான் சொல்லவேண்டும். 2012-லிருந்து 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2025-ல் மறுபடி ஜூன் 12. நமக்கு ஒன்றாம் தேதி வரவேண்டிய சம்பளம் எட்டு வருஷம் சேர்ந்தாற்போல் தேதி தவறினால் என்ன செய்வோம்? எட்டாவது மாதமே ஸீட் காலியாக இருக்கும். அவர்கள் எட்டு வருஷமும் ஸீட்டில் இருந்தார்கள்.

ஆடியில் போனால் ஆற்றில் புதுத் தண்ணீர், பதினெட்டாம் பெருக்கு, கரையில் சித்ரான்னம். ஐப்பசியில் போனால் மழையில் நாமும் நனைந்து நெல்லும் நனைவதைப் பார்க்கலாம். தை கடைசி, மாசி ஆரம்பம் என்றால் சம்பா அறுவடை. என் ஓட்டு அதற்குத்தான். காரணம் நெல் மட்டுமல்ல, உளுந்து!

சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், கதிர் நின்றுகொண்டிருக்கும்போதே அந்த ஈரத்தில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவே அது எட்டிப்பார்க்கும். தனி உழவு கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராத்திரி இறங்கும் பனியும்தான் அதற்கு ஆகாரம்.

இப்போது தட்டைப் பாருங்கள். இட்லி, அரிசியும் உளுந்தும். அதாவது ஒரே வயலில் முன்னால் விளைந்ததும் பின்னால் விளைந்ததும். வெண்பொங்கல், அரிசியும் பாசிப்பருப்பும். கும்பகோணத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் கடப்பாவில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும். திருவையாற்று அசோகா என்பது பாசிப்பருப்பு நெய்யில் குளித்து எழுந்தது.

"என்ன ஸார், எங்கே போனாலும் பாசிப்பருப்பா இருக்கு?" என்றார் அக்கவுன்ட்ஸ்.

வயலில் விளைந்ததுதானே சட்டியில் வேகும்! உருளைக்கிழங்கு மட்டும் வெளியூர் விருந்தாளி. வந்த இடத்தில் செட்டிலாகிவிட்டது, நம்மைப் போல.

★

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும். திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம். வழி நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு வரும். பின் ஸீட்டில் தூங்குகிறவர் செங்கல்பட்டிலேயே எழுந்து, "கும்பகோணம் வந்தாச்சா?" என்பார். படுக்கச் சொல்லவும்.

பண்ருட்டியில் முந்திரி வாங்கலாம். பலாப்பழத்துக்கு மாசி சரிப்படாது, கோடை பிறக்கவேண்டும். (வயலைக் கேள் என்றால் தோப்பையும் கேட்கவேண்டும்.)

மத்தியானம் வடலூர். வள்ளலார் 1867-ல் ஆரம்பித்த தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வந்தவர் யார், என்ன ஜாதி என்று கேட்காமல் சாப்பாடு. பில் கிடையாது. இருபத்திரண்டு ஃபேமஸ் கடை லிஸ்ட்டில் இது இல்லை, காரணம் யாரும் இதற்கு ஸ்டார் போடுவதில்லை. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் ஒரு சிப்பம் அரிசி கொடுத்துவிட்டு வரலாம் என்று பிளானில் எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் கும்பகோணம். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் காபிச் செடி கிடையாது! கொட்டை மலைமேலிருந்து வருகிறது. கும்பகோணம் போட்ட முதலீடு பால். 'டிகிரி' என்ற பெயர் பால்மானி காட்டும் அளவிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. சிக்கரி என்ற சொல்தான் திரிந்து டிகிரியாயிற்று என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே காரில் ஏற்றாமலிருப்பது உத்தமம். சட்டப்படி காபிப் பொடியில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் போடவும் வேண்டும். ஆகவே போர்டைப் பார்க்காதீர்கள். கடைக்காரரிடம், "பால் எங்கேருந்துங்க வருது?" என்று கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றைச் சொன்னால் தைரியமாக உட்காரலாம். 'பாக்கெட்' என்றால் அது பித்தளை டபராவில் வரும் சென்னைக் காபி.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கொடி சும்மா படராது. அகத்தியை நட்டு, அதன்மேல் ஏற்றிவிடவேண்டும். நாலு பேர் வாய் சிவக்க, ஒரு தோட்டமே காவல் நிற்கிறது.

★

"சாப்பாடு ஓகே ஸார்... ட்ரிங்க்ஸ்?" என்றார் டெஸ்பாட்ச் தம்பி, குரலைத் தாழ்த்தி.

"இருக்கே. மோர், இளநீர், நன்னாரி சர்பத், கரும்புச்சாறு. வேதாரண்யம் பக்கம் பனை உண்டு. சீஸன் ஆரம்பித்திருந்தால் காலங்கார்த்தாலே பதநீர்."

இன்கிரிமென்ட் கட்டான மாதிரி பார்த்தார்.

"கள்ளு கிடைக்காதா ஸார்?"

"1987-லேருந்து தமிழ்நாட்டில் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவாம விட்டா போலீஸ்."

"அப்போ திரும்பும்போது காரைக்கால் வழியா வந்தா..."

இந்த இடத்தில்தான் பூகோள அறிவு மனிதனுக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது பாருங்கள்! காரைக்கால் வழியாக வரலாம், தப்பில்லை. முன்னாலேயே நாகூரில் இறங்கி, ரவையில் செய்யும் தம்ரூட் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கார் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்கு டம்ளர் போகக்கூடாது. மூன்று நாளும். இது இரண்டாவது விதி. பொதுவாகவே நல்ல விதி. டெல்டாவில் மாசி மாதம் இன்னும் நல்ல விதி. ஏன் என்று சொல்கிறேன்.

★

இரண்டாம் நாள், காலையில் திருவையாறு. நாலு பேருக்கு இரண்டு பிளேட் அசோகா (நாலு பிளேட் சாப்பிட்டால் மீதி டூரைத் தூக்கத்தில் கழிக்கவேண்டும்). அங்கிருந்து 13 கிலோமீட்டரில் தஞ்சாவூர், அதற்குள் ஐந்து ஆறு குறுக்கிடும். பிறகு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. இந்த ரோடுகளில் போகும்போது திடீரென்று பாதி ரோடு காணாமல் போகும். அங்கே நெல் காய்ந்துகொண்டிருக்கும்.

ஓரத்தில் வரிசையாகக் கல். உள்ளே பொன்னிறத்தில் நெல். ஒரு பெண்மணி காலால் துழாவிக்கொண்டே வெயிலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பார். கார் வைத்திருக்கும் நண்பர் (கார் அவருடையது, ஆகவே கருத்தும் அவருடையது) இதைக் கேட்டதும் கொதித்தார். "ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டுக் களமா?"

நியாயமான கேள்வி. ராத்திரி பைக்கில் வருகிறவர் நெல்லில் சறுக்கி விழுவதும், கல்லில் மோதுவதும் நடக்கிறது. ஆனால் நெல் ஏன் ரோட்டுக்கு வந்தது? அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மெஷின் அறுத்த நெல் அதைவிட ஈரமாக இருக்கும். காயவைக்க வேண்டும். எல்லா ஊரிலும் போதுமான களம் இல்லை. தார் ரோடு மாதிரி சூடாக வேறு எது இருக்கிறது? இரண்டு நாள் காய்ந்தால் 40 கிலோ மூட்டையாகக் கட்டிக் கொண்டு போகலாம். அதற்குள் ஒரு மழை வந்தால் மறுபடி முதலிலிருந்து. 2025 அக்டோபரில் குறுவை நெல் நனைந்து, காத்துக்கிடந்த இடத்திலேயே முளைவிட்டது. நாலு மாச உழைப்பு, கண்ணெதிரே பச்சையாகத் துளிர்க்கிறது. வயலில் பார்த்தால் சந்தோஷம். மூட்டையில் பார்த்தால் வயிற்றெரிச்சல்.

நாம் 'ரோட் டிரிப்' என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அந்த ரோட்டின் பாதி மாசி மாதத்தில் இன்னொருவருடைய சமையல்கட்டு. நாம் சாப்பிடப் போகிற சோறு நம் டயருக்கு ஆறு அங்குலம் தள்ளிக் காய்கிறது. ஆகவே மூன்றாவது விதி: வேகம் நாற்பது, டெல்டாவுக்குள் ராத்திரிப் பிரயாணம் கிடையாது, நெல்மேல் டயரை ஏற்றக்கூடாது. இறங்கி போட்டோ எடுப்பதானால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டு.

கார் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பதுலேயே போலாம்" என்றார்.

★

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்று ஒரு ஊர். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்திய இடம். 2018 டிசம்பரில் காலமானார். அவர் வைத்திருந்த கணக்கு சுலபமானது. விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் தருவார். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். எந்த பாங்க்கிலும் இந்த வட்டி கிடையாது, எந்த பாங்க்கும் மாப்பிள்ளைச் சம்பாவைக் காப்பாற்றியதில்லை. அந்தப் பக்கத்தில் காட்டுயானம், பூங்கார், தூயமல்லி என்று பெயர் சொல்லிக் கேட்டு அரிசி வாங்கலாம். நாம் வாங்கினால்தான் அடுத்த போகத்தில் அந்தப் பெயர் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை வேதாரண்யம். உப்பு இல்லாமல் சாப்பாட்டு டூரா? 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜியும் சத்தியாகிரகிகளும் திருச்சியிலிருந்து கிளம்பி இதே டெல்டா வழியாக நடந்து இங்கே வந்தார்கள். இவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் வாயைத் திறக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களை ரோட்டோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மரம் போட்ட சோற்றுக்கு யாரைப் பிடித்து உள்ளே போடுவது?

டெல்டாவில் மிகச் சிறந்த ஓட்டல் எது என்று கேட்டால் நான் அந்த மரங்களைத்தான் சொல்வேன்.

பட்ஜெட் போட்டாகிவிட்டது. பெட்ரோல், ரூம், சாப்பாடு எல்லாம் நாலாக வகுத்துக் கொடுத்துவிட்டேன். லீவு லெட்டர் மானேஜர் மேஜையில் இருக்கிறது. நீங்களும் கிளம்புகிறீர்கள் என்றால் பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு ஏழு பேன்ட் வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஆளுக்குப் பத்து கிலோ அரிசிக்கு இடம் இருக்கவேண்டும்.