பிடித்தால் விடாத பிரேக்... சீசனுக்கு முன் பழைய பிக்கப்பைக் கவனிங்க!

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் காடாம்புலியூர் பக்கம் பலா சீசனில் கண்ணில் படுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, குவித்து வைத்த பலாப்பழம். இன்னொன்று, அதை ஏற்றிப் போகும் பிக்கப். பலாவும் முந்திரியும் வரும் கோடையில் ஓய்வில்லாமல் ஓடும் இந்த வண்டிகள், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்கில் வாசலிலோ தோப்பிலோ நிற்கும். பழைய வண்டியின் முன் டிஸ்க் பிரேக்கில் துரு தன் வேலையைக் காட்டுவது அந்த நாள்களில்தான். ஆனால், அது ஓனருக்குத் தெரிவது முதல் லோடு ஏற்றும் அன்றைக்கு!

பிரேக் பிடித்துக்கொண்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? காலி வண்டியை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் உருட்டி நிறுத்துங்கள். இரண்டு முன் வீல்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால், அந்த பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுப்பது, கருகல் வாடை, டீசல் அதிகம் குடிப்பது எல்லாம் இதே நோயின் அறிகுறிகள். மழை விட்ட காலையில் டிஸ்க்கில் லேசான செந்துரு படர்ந்து, முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்து மறைந்தால் பயப்பட வேண்டாம். அது மேல்துரு.

டிரம் பிரேக்கில் காலை எடுத்ததும் ஷூவை உள்ளே இழுக்க ஸ்பிரிங் உண்டு. இந்த டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுக்க அப்படி ஒரு ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், மிதிக்கும்போது கொஞ்சம் வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த மயிரிழை அசைவுதான் பேடை விடுவிக்கிறது. பிஸ்டனில் துரு ஏறினால் அந்த அசைவு போதாது. காலிப்பர் நகர்வதற்கான பின்களில் கிரீஸ் காய்ந்து துரு பிடித்தாலும் இதே கதைதான்.

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். அதை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால், அந்தப் பகுதியில் தண்ணீரும் மண்ணும் சேரும். புது பேட் போடுகிறபோது அதே துருப்பகுதியைத்தான் உள்ளே தள்ளுகிறோம். ‘பேட் மாத்துன மறுநாளே ஜாம் ஆயிடுச்சு’ என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். பிடித்துக்கொண்ட பிரேக்கின் சூட்டில் ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி உருவாகும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கிவிடும். பிடித்த பிரேக்கே, கடைசியில் பிடிக்காத பிரேக்காகிவிடும்! கடலூர் மாவட்டத்தில் 2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் தண்ணீரில் நின்ற வண்டி உங்களுடையது என்றால், இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று. பின் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஏர் எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஆயில் பீய்ச்சி வீல் சுற்ற ஆரம்பித்தால், கோளாறு காலிப்பரில் இல்லாமல் இருக்கலாம். ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் தடுத்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். தளர்த்தியும் சுற்றவில்லை என்றால், பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

சுத்தியலால் தட்டி ‘ஃப்ரீ’ செய்வது வைத்தியமே இல்லை. பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றில் தள்ளினால் எதிரே மரக்கட்டை வைக்க வேண்டும். விரல் இருக்கவே கூடாது. பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் மாற்றுவதே சரி. சீல், உறை இரண்டும் புதிது போட வேண்டும். சீலில் டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பேடை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடைசியில் ஏர் எடுத்து, பெடல் கெட்டியான பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

சீசன் நெருக்கடியில் சிலர் ஒரு குறுக்குவழி செய்வார்கள். இறுகிய பக்கத்துக்குப் போகும் ஆயில் லைனை அடைத்துவிட்டு, மூன்று வீல் பிரேக்கில் லோடு அடிப்பார்கள். பிரேக் மிதிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், அதிக வேலை முன் வீல்களுக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் ஸ்டீயரிங் அந்தப் பக்கம் வெட்டும். எதிரே பஸ் வரும்போது வெட்டினால் நினைத்துப் பாருங்கள். ‘இந்த ஒரு லோடு மட்டும்ணே’ என்று மெக்கானிக்கிடம் கெஞ்சாதீர்கள். அவராகவே அடைத்துத் தர முன்வந்தாலும், “வேணாம்ணே, கழட்டியே பாத்துடுங்க. ஒரு நாள் நின்னாலும் பரவால்ல” என்று சொல்லிவிடுங்கள்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடத்துக்கு ஒருமுறைதான். பிரேக் இறுகுவதற்கு ஒரு மழைக்காலம் போதும். அதனால், மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலு முறை நன்றாக பிரேக் மிதியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மாசி பிறந்து மரத்தில் பிஞ்சு தெரியும்போதே முன் வீல் இரண்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். பழம் பழுத்த பிறகு உங்களுக்கும் நேரமிருக்காது, மெக்கானிக்குக்கும் இருக்காது!