பேசாத போனுக்கும் வாடகை

எந்த கம்பெனியின் 5ஜி வேகமானது, எந்த பிளானில் தினம் 2 ஜி.பி. கிடைக்கும் என்று எழுதினால் படிப்பதற்குப் பலர் இருக்கிறார்கள். மாதத்துக்கு நாலைந்து கால் மட்டும் பேசுகிறவர் எந்த சிம் கார்டு வாங்கலாம் என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு ரீசார்ஜ் கணக்கு தெரியாமலா இருக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ!

குறைவாகப் பேசுகிறவர்கள் யார்? ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள். வங்கிக் கணக்குக்காக மட்டும் பழைய எண்ணை இரண்டாவது சிம்மில் வைத்திருப்பவர்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்திய எண்ணைக் கைவிட முடியாதவர்கள். இவர்களுக்குத் தேவை மூன்றே விஷயங்கள். கால் வர வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும், அவசரத்துக்கு ஒரு கால் போக வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்து இன்று எவ்வளவு கட்டுகிறோம், ஏன் கட்டுகிறோம் என்று பார்ப்போம்.

பழைய கணக்கு

இந்தியாவில் செல்போன் வந்தது 1995இல். அன்று பேசினாலும் காசு, வரும் காலை எடுத்தாலும் காசு. 2003இல்தான் இன்கமிங் இலவசமானது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' வேலிடிட்டி வந்தது. ஒருமுறை கட்டினால் போதும், கால் வந்துகொண்டே இருக்கும். 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பிக்க, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பத்து ரூபாய்க்கு டாப்-அப் போட்டு, மிஸ்டு கால் கொடுத்தே மாதத்தை ஓட்டியவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள்.

அந்தச் சலுகை கம்பெனிகளுக்கு எப்படிக் கட்டுபடியானது? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்கு கால் போனால், அனுப்பும் கம்பெனி பெறும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு பைசா என்று கொடுக்க வேண்டும். இதற்கு இணைப்புக் கட்டணம் என்று பெயர். 2009இல் இது 20 பைசா. அதாவது, உங்கள் பாட்டி ரீசார்ஜே செய்யாமல் வரும் காலை மட்டும் எடுத்துப் பேசினாலும், அவருடைய கம்பெனிக்கு வருமானம் உண்டு. 2015இல் இது 14 பைசாவானது, 2017 அக்டோபரில் 6 பைசாவானது, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியமானது. இதற்கு நடுவில் 2016இல் ஜியோ வந்து, பேசுவதற்குக் காசே இல்லை என்றது. இன்கமிங் மட்டும் வைத்திருப்பவர் அதுவரை வருமானம் தரும் வாடிக்கையாளர். அதன் பிறகு வெறும் செலவுக் கணக்கு ஆகிவிட்டார்.

விளைவு, 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. பேலன்ஸ் இருந்தாலும் சரி, 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாய் போட வேண்டும். 2019இல் அது 49 ஆனது. ஏர்டெல்லில் 2021 ஜூலையில் 79, அதே ஆண்டு நவம்பரில் 99 என்று ஏறியது. 2024 ஜூலையில் எல்லா தனியார் கம்பெனிகளும் விலையை உயர்த்தியபோது, 28 நாள் அன்லிமிடெட் பிளானின் ஆரம்ப விலை ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவிலும் 199 ரூபாய், ஜியோவில் 189 ரூபாய்.

ஒரு நிமிடம் ஐந்து ரூபாய்

28 நாள் என்பது மாதம் அல்ல. ஆண்டுக்கு 12 ரீசார்ஜ் போதாது, 13 வேண்டும். 2018இல் 35 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 455 ரூபாய். 2024 விலையில் 199 ரூபாய் வீதம் 2,587 ரூபாய். ஐந்தரை மடங்குக்கும் மேல்.

வாரத்துக்குப் பத்து நிமிடம் பேசுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 520 நிமிடம். 2,587 ரூபாயை இதால் வகுத்தால் நிமிடத்துக்கு ஐந்து ரூபாய் வருகிறது! நொடிக்கு ஒரு பைசா காலத்தில் இதே நிமிடத்துக்கு 60 பைசா. உலகத்திலேயே மலிவான கட்டணம் நம் நாட்டில்தான் என்று சொல்கிறார்களே, அது நிறையப் பயன்படுத்துகிறவருக்கு உண்மை. குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு இந்தக் கணக்குதான் உண்மை.

எங்கள் வீட்டில் ஆறு சிம் கார்டுகள். எதற்கு எப்போது வேலிடிட்டி முடிகிறது என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதிவைத்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒன்று என் அப்பத்தாவின் பட்டன் போன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார், "ஏய்யா, நான் யாருக்கும் பேசவே இல்லையே, காசு எங்கய்யா போச்சு?" பேசினதுக்கு இல்லை அப்பத்தா, நம்பரை வச்சிருக்கறதுக்கு என்று சொன்னால், "அப்ப வாடகைன்னு சொல்லு" என்கிறார். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2,587 ரூபாய் என்பது அதில் இரண்டு மாதப் பணத்துக்கும் மேல். வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்றால், முடியாது. காஸ் சிலிண்டர் டெலிவரிக்கான எண் போனுக்கு வருகிறது. ரேஷன் பொருள் வாங்கிய விவரம் போனுக்கு வருகிறது. வங்கி ஓ.டி.பி. போனுக்கு வருகிறது. எங்கள் துறையில் எந்த அப்ளிகேஷன் எழுதினாலும், பயனாளரை அடையாளம் காண முதலில் கேட்பது மொபைல் எண்ணைத்தான். எண் என்பது ஒருவருடைய இரண்டாவது கையெழுத்தாகிவிட்டது. அதனால்தான் வாடகை எவ்வளவு ஏறினாலும் கட்டுகிறோம்.

எண் போனால் என்ன ஆகும்?

டிராய் 2013இல் கொண்டுவந்த ஒரு விதி 2025 ஜனவரியில் திடீரென்று வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தாலும், பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் எண்ணைத் துண்டிக்கக் கூடாது. அந்த 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது விதி. துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. 'இனி 20 ரூபாயில் சிம் ஓடும்' என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். அப்படி இல்லை. எண் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அந்த எண்ணுக்கு கால் வருவது வேறு. பிளானின் வேலிடிட்டி முடிந்தால் சேவை நின்றுவிடும். எண்ணைக் காப்பாற்றலாம், ஆனால் ஓ.டி.பி.யை நம்பி இருக்க முடியாது.

துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். இது குறித்த வழக்கு ஒன்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பழைய எண்ணில் உள்ள வாட்ஸ்ஆப் தகவல்களை நீக்குவது முந்தைய வாடிக்கையாளரின் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. 2025 ஏப்ரல் முதல், கைமாறிய எண்களின் பட்டியலை வாரம் ஒருமுறையாவது பார்த்து யு.பி.ஐ. பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று வங்கிகளுக்கும் உத்தரவு இருக்கிறது. ஆகவே வங்கியோடு இணைந்த எண்ணில் விளையாட வேண்டாம். கைவிடுவதாக இருந்தால், முதலில் வங்கியிலும் காஸ் ஏஜென்சியிலும் எண்ணை மாற்றிவிட்டு, வாட்ஸ்ஆப் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு கைவிடுங்கள்.

சரி, எந்த சிம்?

முதலில் போனைப் பாருங்கள், பிறகு பிளானைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவைதான் அதற்கு வழி. புதிதாகப் பட்டன் போன் வாங்குவதாக இருந்தால் 4ஜி போனாக வாங்குவது நல்லது. 2023இல் வந்த ஜியோபாரத் போனுக்கு மட்டும் 28 நாளுக்கு 123 ரூபாய் என்று தனிக் கட்டணம் அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கட்டணம் அந்த போனுக்கு மட்டும்தான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அனுபவிக்க முடியாது.

இரண்டாவது, வீட்டுக்குள் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூலையில் பி.எஸ்.என்.எல். விலையை உயர்த்தவில்லை. 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையையும் நாடு முழுவதும் தொடங்கிவிட்டது. உங்கள் தெருவில் டவர் எடுத்தால் குறைவாகப் பேசுகிறவருக்கு அதுதான் முதல் தேர்வு. எடுக்காவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை. அக்கம்பக்கத்தில் அந்த சிம் வைத்திருப்பவரை உங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு கால் பேசச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஜி.பி.யைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள். விலையை நாளால் வகுங்கள். 199 ரூபாய் 28 நாள் என்றால் ஒரு நாளுக்கு 7 ரூபாய் 11 பைசா. 2025 ஜனவரியில் ஏர்டெல் அறிவித்த டேட்டா இல்லாத பிளான்களில் 84 நாளுக்கு 469 ரூபாய், அதாவது நாளுக்கு 5.58. ஓராண்டுக்கு 1,849 ரூபாய், நாளுக்கு 5.07. ஜியோவில் 84 நாளுக்கு 448, நாளுக்கு 5.33. இந்த விலைகள் மாறக்கூடியவை. ரீசார்ஜ் செய்யும் அன்று டிராய் ஆணையத்தின் கட்டண ஒப்பீட்டு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விலையைத் தொடாமல் நாளை மட்டும் குறைக்கும் வழக்கமும் உண்டு. 2024இல் 35 நாள் இருந்த பி.எஸ்.என்.எல்.லின் 107 ரூபாய் பிளானுக்கு அதுதான் நடந்தது. ஆகவே போன தடவை போட்ட அதே தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

நான்காவது, கம்பெனி மாற நினைத்தால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி போர்ட் செய்யலாம். பிளானில் எஸ்.எம்.எஸ். இல்லாவிட்டாலும் இந்த ஒரு எஸ்.எம்.எஸ்.சை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. கடையில் முடியாது என்றால் இதைச் சொல்லுங்கள்.

எடுக்க வேண்டியது எது?

டேட்டா வேண்டாதவர்களுக்கு குரலும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். கம்பெனிகளும் பிளான் போட்டார்கள். ஆனால் டேட்டாவை எடுத்தார்களே தவிர, அன்லிமிடெட்டை எடுக்கவில்லை. வாரத்துக்குப் பத்து நிமிடம் பேசுகிறவருக்கு எதற்கு அன்லிமிடெட்? அவர் சாப்பிடாத விருந்துக்கு இலைக் காசு கொடுக்கிறார். அதுவும் 1,849 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தால்தான் நாள் கணக்கு குறைகிறது. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர் நாளுக்கு 7 ரூபாய் கொடுக்கிறார். இல்லாதவரிடம் அதிகம் வாங்குகிற கணக்கு இது.

டவர், ஸ்பெக்ட்ரம், மின்சாரம் எல்லாம் யார் பேசினாலும் பேசாவிட்டாலும் செலவுதானே என்று கம்பெனிகள் தரப்பில் கேட்கலாம். நியாயம்தான், அதில் ஒரு பங்கை எல்லோரும் கொடுக்க வேண்டும். ஆனால் நெரிசலால் புது டவரும் புது ஸ்பெக்ட்ரமும் தேவைப்படுவது வீடியோ பார்க்கும் என்னைப் போன்றவர்களால், மாதம் நாலு கால் பேசுகிற என் அப்பத்தாவால் அல்ல. எங்கள் இருவருடைய பங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

என்னைக் கேட்டால், டிராய் இன்னும் ஒரு படி போக வேண்டும். ஓராண்டு வேலிடிட்டி, இன்கமிங், வரும் எஸ்.எம்.எஸ்., ஐந்நூறு நிமிடம் அவுட்கோயிங். அதற்கு மேல் பேசினால் பேசியதற்குக் காசு. இப்படி ஒரு பிளானை எல்லா கம்பெனிகளும் தர வேண்டும், அதை மாதத் தவணையாகக் கட்டவும் அதே நாள் கணக்கில் வழி இருக்க வேண்டும். 30 நாள் வேலிடிட்டியுள்ள பிளான் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவிட முடிந்தது என்றால், இதுவும் முடியாத காரியம் அல்ல. டிராய் எந்த விதி கொண்டுவருவதற்கு முன்பும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது நாலு வரி எழுதிப் போடுங்கள். இன்டர்நெட் இல்லாத பட்டன் போன்காரர்களால் அதை எழுத முடியாது. அவர்களுக்காக நாம்தான் எழுத வேண்டும்.