கம்பனிக்குத் தவணை, எமக்குக் கடன் கொப்பியா?



வர்த்தகப் பிணக்குகள் விரைவாகத் தீர்ந்தால்தான் நாட்டுக்கு முதலீடு வரும் என்கிறார்கள். அதற்கென்று கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றம் போகாமலே தீர்த்துக்கொள்ள 1995ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது. நல்லது. முதலாளிக்கும் முதலாளிக்கும் நடக்கும் வழக்குக்கு இத்தனை அவசரம் என்றால், தொழிலாளியின் சம்பளப் பிணக்குக்கு அவசரம் இல்லையா?

2024ஐ மறந்துவிட்டோமா? மே தினத்தையொட்டி 1700 ரூபா நாட்சம்பளம் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது 1350 ரூபா. அதுவரை 1000 ரூபாவுக்கே மலைக்குப் போனோம். வந்த 1350ஐ வைத்தே கணக்குப் பாருங்கள்: நாளுக்கு 350 ரூபா நட்டம். மாதத்தில் 20 பேர் விழுந்தவருக்கு 7000 ரூபா. கம்பனிக்கு வழக்குச் செலவு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. நமக்குத் தாமதம் கடைக்காரரின் கடன் கொப்பியில் ஒரு பக்கம்.

நீதிமன்றம் போவது அவர்களின் உரிமை, அதை மறுக்கவில்லை. ஆனால் 2021இல் 1000 ரூபா தீர்மானிக்கப்பட்டபோது கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியது யார்? பேசும் மேசையை உதைத்துவிட்டு எழுந்தவர்கள், "பேசித் தீர்ப்போம்" என்று நமக்குப் பாடம் சொல்ல வேண்டாம்.

பேசித் தீர்ப்பதற்கு நாமும் எதிரிகள் அல்ல. தொழில் திணைக்களத்தில், இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து, எழுத்தில் முடிப்பது இணக்கம். துரையின் ஆபீஸ் வாசலில் நின்று, வாசிக்கத் தராத தாளில் கையொப்பம் வைப்பது சரணாகதி. இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே நமது கோரிக்கை மூன்று. கூட்டு ஒப்பந்தம் திரும்ப வேண்டும். சம்பளப் பிணக்கு எந்த மன்றுக்குப் போனாலும் காலக்கெடுவுக்குள் தீர்ப்பு வர வேண்டும். தீர்ப்பு வரும்வரை இழந்த சம்பளம் நிலுவையாகக் கிடைக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வேலையிலிருந்து நிறுத்தினால் "துரை மனம் மாறுவார்" என்று காத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே உங்களுக்காகத் தொழிற்சங்க அதிகாரியே பேசலாம். பெரிய வழக்கறிஞர் தேவையில்லை. சம்பளச் சீட்டை அடுப்பு பற்றவைக்கக் கிழிக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

காலம் கடத்துவது அவர்களின் ஆயுதம். ஒன்றாக நிற்பது நம்முடையது!