நந்தனுக்கு யார் லீவு கொடுத்தது?

மகா சிவராத்திரி வந்தால் சிதம்பரத்தில் லாட்ஜ் கிடைக்காது. அன்றைக்குத் தொடங்கி ஐந்து நாள் நாட்டியாஞ்சலி. 1981-லிருந்து நடக்கிறது. பரதம், குச்சிப்புடி, ஒடிசி, கதக் என்று எங்கெங்கிருந்தோ ஆட வருகிறார்கள், கடல் தாண்டியும் வருகிறார்கள். முதலில் கோயிலுக்குள் நடந்தது. பிறகு கோயிலுக்குள் ஒன்று, தெற்கு வீதியில் ஒன்று என்று இரண்டாகிவிட்டது. அந்த வம்பு நமக்கு வேண்டாம். பக்கத்திலேயே 1929-லிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பஸ்ஸில் வந்து படித்துவிட்டுப் போன எங்களைப் போன்ற சேரிப் பிள்ளைகளும் சாயந்திரம் ஆனால் ஒரு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துவிடுவோம். திறந்தவெளி, மாசிக் காற்று, காசு செலவில்லை.

“அது அவாள் விழா, விட்டுத் தள்ளுங்க” என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு விட முடியவில்லை. அந்த மேடையில் நம்மாளு ஒருத்தனை ஆடுகிறார்கள். நந்தன்.

சில வருஷங்களுக்கு முன்பு அம்மாவை அழைத்துப் போனேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஐம்பது வருஷம் நடவு நட்டவள். ஒரு பெண் நந்தனை ஆடினார். நல்ல ஆட்டக்காரி, அதைச் சொல்லியாக வேண்டும். திருப்புன்கூரில் நந்தி மறைக்கிறது என்று கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்தபோது கூட்டம் சிரித்தது. கிட்டே வரலாமா என்று கேட்கிற இடத்தில் முதுகு வளைந்து, கை வாயைப் பொத்தியது. பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் தீ. கைகள் இரண்டும் சுடராய் மேலே போயின. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அம்மா கைதட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். “ஏன்டா, அவ்ளோ நேரம் ஆடுச்சே, அந்த நந்தன் வயல்ல ஒரு வேலையும் செய்யலியே. அவனுக்கு யாரு லீவு குடுத்தது?”

எனக்குத் தெரிந்து நந்தன் கதையைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. கதையே லீவைப் பற்றியதுதானே. நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று சொல்லியே திருநாளைப்போவார் ஆனான். கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரம் எழுதியபோது ஒரு வேதியர் பண்ணையாரைச் சேர்த்தார். பெரியபுராணத்தில் அப்படி ஒரு ஆண்டை கிடையாது. நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் ஆண்டை. ஒரே ராத்திரியில் சிவன் அருளால் வேலை முடிந்துவிடுகிறது. பக்தர்களுக்கு இது அற்புதம். பண்ணையாளாய் இருந்த வம்சத்துக்கு இது தெரிந்த விஷயம். ஆகாத வேலையைச் சொல்லித்தான் எந்த ஆண்டையும் லீவை மறுப்பான். தஞ்சை, தென்னார்க்காட்டுப் பண்ணைகளில் எத்தனை நாளைப்போவார்கள் போகாமலே செத்தார்கள்! மேடையில் உருக்கம் இருக்கிறது. நாற்பது வேலி இல்லை.

சேக்கிழாரிடம் வேறொன்று இருக்கிறது. அவருடைய நந்தன் ஊரார் விட்ட பறைத்துடவையில் பிழைத்தவன். கோயில் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவன். கருவி உள்ளே போயிற்று, ஆள் வெளியே நின்றான். இன்றைக்கும் நாட்டிய மேடையில் ஓரமாய் உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்டுகிற எருமை வார். அதைப் பதம் பார்த்து மூட்டுகிற கைகளில் பெரும்பாலானவை தலித் கிறிஸ்தவக் கைகள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதி, 2020-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் வெளியிட இருந்தார். கொடுத்த அனுமதியைக் கடைசி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தோல் ஆகும், தோலைப் பற்றிய பேச்சு ஆகாது.

அப்புறம் அந்தத் தீ. தெற்கு மதில் வாசலுக்கு முன்னால் தீ வளர்த்தார்கள் என்று புராணமே சொல்கிறது. நந்தன் உள்ளே இறங்கி, பூணூலோடு முனிவனாய் வெளியே வந்தானாம். நந்தன் நந்தனாகவே உள்ளே போக முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். எங்க பக்கத்துக் கிழவர்கள் இதற்கெல்லாம் சுற்றி வளைக்க மாட்டார்கள். “கொளுத்திட்டானுங்க” என்பார்கள். அதற்குத்தான் ஐந்து நாளும் கைதட்டல்.

நந்தனை நாம் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. அம்பேத்கர் 1948-ல் தீண்டப்படாதார் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளர் மூவர் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். சுவாமி சகஜானந்தர் 1916-ல் இதே சிதம்பரத்தில் நந்தனார் பேரால் கல்விக் கழகம் தொடங்கினார். அவரும் சிவபக்தர்தான். ஆனால் நந்தன் பேரைச் சொல்லித் தீ மூட்டவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார். அங்கே படித்த பிள்ளைகள்தான் இந்த வட்டாரத்தில் முதலில் பேனா பிடித்த தலைமுறை. ஓமக்குளத்தில் அவர் மடம் இருக்கிறது. நாட்டியாஞ்சலிக்கு வருகிறவர்கள் கோபுரத்துக் கரணச் சிற்பங்களை நின்று நின்று பார்க்கிறார்கள். நந்தனை ஆடிய கால்கள் ஓமக்குளத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இனி நம் பக்கத்துச் சண்டைக்கு வருகிறேன். “அந்த மேடையில் பறையை ஏத்துவோம், அதுதான் கலகம்” என்கிறார்கள் இளைய தோழர்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் வட்டாரத்துக்காரர் எல்.இளையபெருமாள் சாவுக்குப் பறை அடிக்காதே என்று சொல்லிப் போராடியவர். அந்தப் பேச்சைக் கேட்டுப் பறையைக் கீழே வைத்துவிட்டு, ஊர்க்காரனிடம் அடிவாங்கியது எங்கள் தாத்தா தலைமுறை. இன்று பறையைப் பெருமையோடு எடுக்கிற பிள்ளைகளையும் நான் மதிக்கிறேன். கட்டாயத்துக்கு அடிப்பது வேறு, விரும்பி அடிப்பது வேறு. ஆனால் இரண்டு பரதத்துக்கு நடுவே பத்து நிமிஷம் பறை, பொன்னாடை, போட்டோ என்றால் அது ஊறுகாய். 1941-ல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டித் தமிழிசை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தெலுங்குக்குப் பதில் தமிழ் மேடையேறியது, நல்லதுதான். சேரியின் இசை அந்தத் தமிழில் சேரவில்லை. இடம் கேட்டு நிற்பதில் என்ன கிடைத்துவிடும்? கனகசபையில் ஏறிக் கும்பிடவே 2022-ல் அரசாணை போட வேண்டியிருந்த ஊர் இது.

நான் சொல்வது இதுதான். அதே ஐந்து நாள் ஓமக்குளத்தில் நாம் கூடுவோம். நந்தன் கதையை நடவுப் பாட்டுக்காரிகள் சொல்லட்டும், நாற்பது வேலியையும் அதில் வையுங்கள். மிருதங்கம் மூட்டுகிறவர்களைக் கூப்பிட்டுத் தோல் எப்படிப் பாட்டாகிறது என்று கேட்போம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வரட்டும். தெற்கு வீதியில் ஆடிவிட்டு வருகிற பெண்ணும் விருப்பப்பட்டால் வரட்டும், ஓரமாய் உட்கார வைக்க மாட்டோம்.

அம்மாவிடம் சொன்னேன். “நாலு பாட்டு இன்னும் மறக்கலடா, வரேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உளுந்து புடுங்குற நாளாப் பாத்து வச்சிராத. அன்னிக்கு லீவு போட முடியாது” என்றாள்.