சாயம் பூசினாலும் ஈயம் ஈயம்தான்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் மெய்ன் மாநிலம், ஈயத்தில் செய்த சிறிய தூண்டில் ஜிக்குகளைச் சில ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்துவிட்டது. ஆனால் அந்தத் தடையில் ஓர் ஓட்டை இருந்தது. வண்ணம் பூசாத ஈயத்துக்குத்தான் தடை, பூசியதற்கு இல்லை. 2023இல் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். வண்ணம் பூசிய சிறு ஈய ஜிக்குகளை 2024 செப்டம்பர் முதல் விற்கக் கூடாது, 2026 செப்டம்பர் முதல் ஏரியில் போடவும் கூடாது என்பது புதிய சட்டம்.

இது கடைக்காரர்களோடு நிற்கிற சட்டம் இல்லை. தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி வார்த்து, அழகாக நிறமேற்றி, அடுத்த கோடைக்குச் சேர்த்துவைக்கும் பொழுதுபோக்குக்காரர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. கெடுபிடி அதிகம் என்று அவர்களில் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் அது சரியான முடிவு. புதிதாக இந்தக் கைவேலையில் இறங்க நினைப்பவர்கள், தங்கள் மாநிலத்தில் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

ஜிக் என்பது எளிய பொருள். தூண்டில் முள்ளின் காதுப் பக்கத்தில் பட்டாணி அளவு ஈயத்தை வார்த்துவிட்டால் ஜிக் தலை தயார். அதன் பின்னால் மெத்தென்ற பிளாஸ்டிக் புழுவையோ உயிருள்ள சிறு மீனையோ கோத்து, ஏரியின் அடித்தரையில் தத்தித் தத்திப் போகும்படி நரம்பைச் சுண்டி இழுப்பார்கள். மினசோட்டா, விஸ்கான்சின் ஏரிகளில் வால்-ஐ மீன் பிடிப்பவர்களின் பெட்டியில் இது இல்லாமல் இருக்காது. அடித்தரையை உரசிக்கொண்டே போவதால் கல்லிலும் மூழ்கிய மரத்திலும் சிக்கி அறுந்துபோவது சகஜம். அறுந்ததற்கெல்லாம் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்றுதான் பலர் ஓர் அலுமினிய அச்சை வாங்கி வீட்டிலேயே வார்க்கத் தொடங்குகிறார்கள். அயோவா மாநிலத்தில் டென்வர் என்ற சிற்றூரிலிருந்து வரும் டூ-இட் அச்சுகள் இந்த வட்டாரத்தில் பெயர்போனவை.

வார்த்த தலைக்கு முன்பெல்லாம் பிரஷ்ஷால் பெயிண்ட் அடிப்பார்கள். நாலு முறை கல்லில் மோதினால் பெயர்ந்துவிடும். இப்போது அந்த இடத்தைப் பவுடர் பெயிண்ட் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் ஸ்டீல் பீரோவுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் செய்கிறார்களே, அதே பவுடர் கோட்டிங்தான். இதில் தின்னர் போன்ற திரவம் எதுவும் கிடையாது. பிசினும் நிறமியும் கலந்து அரைத்த மாவு, அவ்வளவுதான். சூடான உலோகத்தில் பட்டதும் உருகி ஒட்டும். பிறகு அடுப்பில் வெந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அப்படி இறுகியதை உரித்தெடுப்பது கஷ்டம்.

செய்முறையைச் சொல்லக் கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு சுலபம். ஜிக்கை இடுக்கியில் பிடித்து ஹீட் கன் முன்னால் காட்டு, பவுடரில் ஒரு விநாடி முக்கி எடு, தட்டு, தொங்கவிடு. புதியவர்களுக்குச் சறுக்குவது இந்த முதல் வார்த்தையில்தான்: காட்டு. எவ்வளவு நேரம்? தலை பெரிதானால் சூடேற நேரமாகும், ஆறவும் நேரமாகும். ஒரு கிராம் எடைகூட இல்லாத பொடி ஜிக், ஹீட் கன்னிலிருந்து பவுடர் டப்பாவுக்குப் போவதற்குள்ளேயே ஆறிவிடும். சூடு போதாவிட்டால் மேற்பரப்பு சொரசொரவென்று, அங்கங்கே சொட்டையாக இருக்கும். சூடு மிஞ்சிவிட்டால் பவுடர் தடிமனாக அப்பிக்கொண்டு, உருகி வழிந்து, மூக்கு நுனியில் சொட்டாக நிற்கும். முன்னதைச் சரிசெய்துவிடலாம், மறுபடி சூடு காட்டினால் மாவு உருகிப் பளபளப்பாகிவிடும். பின்னதை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கொஞ்சம் குறைவான சூட்டிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். மெழுகுவர்த்தியில் சூடேற்றுபவர்களும் உண்டு. அதன் கரி படிந்தால் வெள்ளையும் மஞ்சளும் அழுக்கேறிப் போகும்.

டப்பாவில் பவுடர் அழுந்திக் கிடந்தால் அதற்குள் முக்குவது மணலுக்குள் குத்துவது போல. ஒரு பக்கம் மொத்தையாக ஒட்டும், மறுபக்கம் ஒட்டாது. ஒவ்வொரு முறையும் குலுக்கித் தளர்த்த வேண்டும். இதற்கு வசதியான ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் அடியில் காற்று மட்டும் புகும் சவ்வைக் கட்டி, மேலே பவுடரைக் கொட்டி, கீழிருந்து மீன்தொட்டிக் காற்றுப் பம்பை இணைப்பார்கள். மாவு காற்றில் மிதந்து தண்ணீர் போல அலைபாயும்; அதில் முக்கினால் மெல்லிய, சீரான பூச்சு கிடைக்கும். 1950களில் ஜெர்மனியின் எர்வின் கெம்மர் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய உத்தி இது. அலங்கார மீன் வளர்க்கும் பம்பை வைத்து, மீன் பிடிக்கும் முள்ளுக்கு அதையே செய்துகொள்கிறார்கள். மீன்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படும்.

முள்ளின் காதில் அடைத்துக்கொண்ட பெயிண்டை, அது சூடாக இருக்கும்போதே ஊசியால் குத்தி எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் ஏரிக்கரையில் குளிரில் விறைத்த விரல்களோடு அதைச் செய்ய நேரும்.

அவசரக்காரர்கள் தவறவிடுகிற கட்டம் கடைசியில் வருகிறது. முக்கி எடுத்ததுமே ஜிக் பளபளவென்று முடிந்துவிட்டது போலத் தெரியும். முடியவில்லை. வழக்கமான பவுடர்களை ஏறத்தாழ 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் அடுப்பில் வேகவைக்க வேண்டும். இதைச் செய்யாத ஜிக், பழைய பிரஷ் பெயிண்டைவிடப் பெரிதாக எதையும் தாங்காது. டோஸ்டர் ஓவனின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்புவதும் வீண். தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பதே சரி. அந்த ஓவன் பிறகு ஒருநாளும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. பவுடரைக் கையாளும்போது முகக்கவசமும் வேண்டும். மாவு நுரையீரலுக்குள் போவதற்குச் செய்த பொருள் அல்ல.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவர்கள் பணத்தைக் கொட்டுவது இங்கேதான். வானவில்லை மிஞ்சும் அளவுக்கு டப்பாக்களை அடுக்கிவிடுகிறார்கள். வால்-ஐ மீனின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் அது நன்றாகப் பார்க்கும். ஆனால் அது நன்கு உணர்வது பச்சையையும் ஆரஞ்சு, சிவப்புப் பக்கத்தையும்தான். அந்தச் சிவப்பும் தண்ணீருக்குள் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே மங்கிவிடும். ஒரு வெள்ளை, ஒரு ஆரஞ்சு, பச்சை கலந்த பளீர் மஞ்சள் ஒன்று, இவை போதும். வெள்ளையை அடிப்பூச்சாகப் போட்டால் பளீர் நிறங்கள் இன்னும் எடுப்பாகத் தெரியும். மீதி டப்பாக்கள் பிடிப்பது மீனவரை.

வண்ணம் ஈயத்தை மூடிவிடுகிறதே, பிறகென்ன ஆபத்து என்ற வாதம் இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாளாக உலவுகிறது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பூசிய ஜிக்கைத் தொடும் விரலில் ஈயம் ஒட்டுவது குறையும். ஆனால் வார்ப்பவருக்கு அதனால் என்ன லாபம்? அவர் ஈயத்தை உருக்குவதும் மேலே படிந்த கசடை வழித்தெடுப்பதும் பிசிறை வெட்டுவதும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தத் தூசி மேசையிலும் உடையிலும் தரையிலும் ஏறி, தவழும் குழந்தையின் கைக்குப் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்ணீரில் கதை இன்னும் மோசம். லூன் என்ற நீர்ப்பறவை, இரையை அரைப்பதற்காகக் கூழாங்கற்களை விழுங்கி அரைப்பையில் வைத்துக்கொள்ளும். அறுந்து கிடக்கும் ஜிக்கையோ, ஜிக் சிக்கிய மீனையோ அது விழுங்கினால் அந்தக் கற்களே பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிடும். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு சிறு ஜிக்கே ஒரு பறவையைச் சில வாரங்களில் கொன்றுவிடப் போதும். நியூ ஹாம்ப்ஷயரில் 1989 முதல் 2012 வரை இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதிச் சாவுக்குக் காரணம் தூண்டில் ஈயம் என்று தெரியவந்தது. 2018இல் வெளியான அந்த ஆய்வு, ஈயம் இல்லாதிருந்தால் மாநிலத்தில் லூன்கள் இன்னும் எவ்வளவு பெருகியிருக்கும் என்றும் கணக்கிட்டது. 43 சதவீதம் இழப்பு என்று விடை வந்தது. லூன், மினசோட்டாவின் மாநிலப் பறவை. வால்-ஐ, அதே மாநிலத்தின் மாநில மீன். ஒன்றைப் பிடிக்கப் போய் மற்றொன்றைக் கொல்வது அங்கே யாருக்கும் பெருமை தராது.

மாற்று என்ன? டங்ஸ்டனை வீட்டில் உருக்க முடியாது, 3,400 டிகிரி வேண்டும். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம் வெகு சுலபமாக, 139 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வார்க்க இன்பம், ஆனால் 177 டிகிரி ஓவனில் வைத்தால் பெயிண்ட் இறுகுவதற்கு முன் ஜிக்கே தளர்ந்து உருக்குலைந்துவிடும். பூச்சு வேலையையும் விரும்புபவர்களுக்குப் பொருந்துவது தனி வெள்ளீயம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உலோகம் அது. வெறும் சொம்பை அடுப்பில் மறந்து வைத்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். 232 டிகிரியில் உருகும், ஆகவே பவுடர் வேகும் சூட்டைத் தாங்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளீயத்தின் விலை ஈயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். எடையும் குறைவு, 7 கிராம் ஈயத்துக்கான அச்சில் வார்த்தால் நாலரை கிராம்தான் வரும். ஆழத்துக்கு இறங்கக் கொஞ்சம் தாமதமாகும். ஓர் அளவு பெரிய அச்சை வாங்கினால் அது தீர்ந்துவிடும். விலையும் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. ஒரு கிலோவில் அப்படிப்பட்ட ஜிக் 200க்கு மேல் வார்க்கலாம். தூண்டில் கோலுக்கும் படகுக்கும் செலவழிப்பவர்கள் இந்தச் செலவைக் கண்டு பின்வாங்குவது நம்பும்படியாக இல்லை. கனடா தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் எடைகளை 1997லேயே விலக்கியது; அங்கே மீன்பிடிப்பு நின்றுவிடவில்லை. நம் கடற்கரையிலும் வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோக்கிறார்கள். உருக்கி வார்க்கும் கைகளுக்கான எச்சரிக்கை அவர்களுக்கும் பொருந்தும்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு வெள்ளீயக் கட்டியும் ஓர் ஓவன் வெப்பமானியும். வண்ண டப்பாக்கள் பிறகு வரட்டும். ஏற்கெனவே ஈயத்தைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைக் குப்பையில் எறியாமல், அபாயக் கழிவு சேகரிக்கும் மையத்திலோ பழைய உலோகம் வாங்குபவரிடமோ கொடுத்துவிடலாம்.